ஆசிலோஸ்கோப்பை அளவுகருவியாக்கிய பொறியாளர்: ஹோவர்ட் வோலமின் பணிவாழ்வு

மின் சிக்னல் நேரத்தோடு மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழங்குகின்றன. ஒன்று, 1897ஆம் ஆண்டையும் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுனையும் சொல்கிறது. மற்றொன்று, 1946ஆம் ஆண்டையும் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் ஆகிய இருவரையும் சொல்கிறது. இடையே அரை நூற்றாண்டு இருப்பதால், இரண்டில் ஒன்று பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றும். உண்மையில் முதல் விடை, திரையில் கோட்டை வரையும் எதிர்மின் கதிர்க்குழாயைப் பற்றியது. இரண்டாவது விடை, சற்று மிகைப்படுத்தப்பட்ட வடிவில், அந்தக் குழாயைக் கொண்டு நம்பகமாக அளக்க முடியும் என்ற நிலையை உருவாக்கிய வேலையைப் பற்றியது.

நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் சி.ஆர்.ஓ. என்ற பெயரில் அறியப்படும் இக்கருவியின் முகப்பில் மூன்று முக்கியத் திருகுகள் உள்ளன: ஒரு கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்பது ஒன்று, ஒரு கட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பது மற்றொன்று, சிக்னல் எந்த அளவைத் தொடும்போது கோடு தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் ட்ரிகர் மட்டம் மூன்றாவது. இம்மூன்றும் பிரவுனின் குழாயில் இல்லை. 1930களில் விற்பனையான கருவிகளிலும் இன்றைய பொருளில் இல்லை. அவை எப்படி வந்தன என்பதை விளங்கிக்கொள்ள வோலமின் பணிவாழ்வே நல்ல வழி.

அடிப்படை: திரையில் கோடு எப்படி உருவாகிறது

காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் சூடேற்றப்பட்ட எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் கற்றையாகப் புறப்பட்டு, மறுமுனையில் ஒளிர்பொருள் பூசிய திரையில் மோதி ஒளிப்புள்ளியை உண்டாக்குகின்றன. வழியில் இரண்டு இணை (ஜோடி) தகடுகள் உள்ளன. ஓர் இணை கற்றையை மேலும் கீழுமாகவும், மற்றோர் இணை இடமிருந்து வலமாகவும் திருப்புகிறது. ஆராய வேண்டிய சிக்னலை முதல் இணைக்குக் கொடுக்கிறோம். இரண்டாவது இணைக்குச் சீராக உயர்ந்து, சட்டெனத் தொடக்க நிலைக்குத் திரும்பும் ரம்பப்பல் வடிவ மின்னழுத்தம் தரப்படுகிறது. இதற்கு ஸ்வீப் என்று பெயர். ஸ்வீப் சீராக உயர்வதால் திரையின் கிடைத்திசை நேரத்தைக் குறிக்கிறது. செங்குத்துத் திசை மின்னழுத்தத்தைக் குறிக்கிறது.

கண்ணுக்கு நிலையான படம் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு ஸ்வீப்பும் அலையின் அதே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு முறையும் கோடு வேறிடத்தில் விழுந்து, படம் நழுவிக்கொண்டே இருக்கும். அந்தத் தொடக்கப் புள்ளியை யார் தீர்மானிப்பது என்பதில்தான் பழைய கருவிக்கும் புதிய கருவிக்குமான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

பழைய முறையின் குறை

ஆலன் டூமான்ட் நிறுவனத்தினுடையவை உள்ளிட்ட 1930களின் கருவிகளில் ஸ்வீப் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் 1,000 ஹெர்ட்ஸ் என்றால், ஸ்வீப்பை 500 ஹெர்ட்ஸுக்கு அருகே கொண்டுவந்து, சிக்னலின் ஒரு சிறு பகுதியை ஸ்வீப் சுற்றுக்குள் செலுத்தி இரண்டையும் ஒத்திசையச் செய்தார்கள். திரையில் இரண்டு அலைகள் அசையாமல் நின்றன. வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பவருக்கு இது போதுமானது. ஆனால் இம்முறையில் மூன்று குறைகள் இருந்தன.

1. ஒத்திசைக்கும்போது ஸ்வீப்பின் நீளமே மாறிவிடும். எனவே திரையின் ஒரு சென்டிமீட்டர் எத்தனை மைக்ரோ நொடி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அலையின் வடிவம் தெரியும். அதன் காலஅளவு தெரியாது.

2. சீராகத் திரும்பத் திரும்ப வரும் சிக்னலை மட்டுமே காண முடியும். ஒழுங்கற்ற இடைவெளிகளில் வரும் துடிப்பையோ, ஒரே ஒரு முறை நிகழ்ந்து முடிவதையோ பிடிக்க முடியாது.

3. நீண்ட இடைவெளிக்குப் பின் மிகக் குறுகிய துடிப்பு வரும் சிக்னலில், திரையின் பெரும்பகுதியை வெற்று இடைவெளியே நிரப்பிக்கொள்ளும். துடிப்பு, ஓரத்தில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாகச் சுருங்கிவிடும்.

மூன்றாவது குறைதான் இரண்டாம் உலகப் போரில் தாங்க முடியாததாயிற்று; ஏனெனில் ராடார் சிக்னல் முழுவதுமே அப்படிப்பட்டது.

போர்ட்லாண்டிலிருந்து ராடாருக்கு

ஹோவர்ட் வோலம் 1913 மே 31 அன்று ஒரேகனின் போர்ட்லாண்ட் நகரில் பிறந்தார். அந்நகரின் ரீட் கல்லூரியில் இயற்பியல் படித்து 1936இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே தம் கையால் ஓர் ஆசிலோஸ்கோப்பைக் கட்டியிருந்தார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் இயற்பியல் பட்டதாரிக்கு அங்கு ஆய்வு வேலை எளிதில் கிடைக்கவில்லை. ஜாக் மர்டாக் நடத்திவந்த வானொலிக் கடையில் பழுதுபார்ப்பவராகச் சேர்ந்தார். இதை ஒரு பின்னடைவாகக் கருதத் தேவையில்லை என்பது இக்கட்டுரையின் கணிப்பு: அன்றைய ஆசிலோஸ்கோப்பின் பெரும்பான்மைப் பயனாளர் பழுதுபார்ப்பவரே. அக்கருவி எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதை அறிய அந்த மேசையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

போர்க்காலத்தில் அமெரிக்கத் தரைப்படையின் சிக்னல் பிரிவில் அதிகாரியான வோலம் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ராடார் ஆய்வில் பணியாற்றினார். பின்னர் நியூ ஜெர்சியின் எவன்ஸ் சிக்னல் ஆய்வகத்தில் அப்பணியைத் தொடர்ந்தார். இப்பணிக்காக லீஜியன் ஆஃப் மெரிட் விருதையும் பெற்றார்.

ராடாரில் வானொலித் துடிப்பு ஒன்று அனுப்பப்படுகிறது. இலக்கில் பட்டு எதிரொலி திரும்புகிறது. அலை போய்வரும் நேரத்தில் ஒவ்வொரு மைக்ரோ நொடியும் 150 மீட்டர் தொலைவுக்குச் சமம். ஆகவே ராடார் திரையின் கிடைக்கோடு தொலைவின் அளவுகோலாகவே அமைய வேண்டும்; அது தளர்ந்தால் பீரங்கிக் குண்டு வேறிடத்தில் விழும். அந்தக் கோடு தானாக ஓடிக்கொண்டிருக்கவும் கூடாது; துடிப்பு புறப்படும் அதே கணத்தில் தொடங்கி, ஒரு முறை ஓடி, அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். பழைய ஆசிலோஸ்கோப்பில் இல்லாத இரண்டு பண்புகளும், அதாவது நிகழ்வே ஸ்வீப்பைத் தொடங்கி வைப்பதும் நேர அச்சு திட்டமாக அளவிடப்பட்டிருப்பதும், ராடார் திரைக்கு உயிர்நாடியாக இருந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வகத்தில் ராடார் சுற்றுகளைச் சோதிப்பதற்கென்றே சிங்க்ரோஸ்கோப் என்ற பெயரில் இத்தகைய கருவிகள் உருவாக்கப்பட்டன.

இதிலிருந்து முன்னர் எழுந்த குழப்பத்துக்கான விடையின் ஒரு பாதி கிடைத்துவிடுகிறது. நிகழ்வே ஸ்வீப்பைத் தொடங்கி வைக்கும் ட்ரிகர் ஸ்வீப் என்ற கருத்தை வோலமும் மர்டாக்கும் 1946இல் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுவது சரியல்ல. போர்க்கால ஆய்வகங்களில் அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது.

511: என்ன புதிது

1946இன் தொடக்கத்தில் வோலம், மர்டாக், மைல்ஸ் டிப்பெரி, க்ளென் மெக்டவல் ஆகிய நால்வர் போர்ட்லாண்டில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தனர். முதலில் வைத்த டெக்ராட் என்ற பெயர் கலிஃபோர்னியாவிலிருந்த வேறொரு நிறுவனத்தின் பெயரை ஒத்திருந்ததால், டெக்ட்ரானிக்ஸ் என்று மாற்றினர். போர் முடிந்து மலிவாக விற்கப்பட்ட ராணுவ உபரி உதிரிபாகங்கள் தொடக்க கால வேலைக்குக் கைகொடுத்தன. 1947இல் 511 என்ற எண்ணுடன் முதல் ஆசிலோஸ்கோப் வெளிவந்தது. விலை 795 டாலர். பேண்ட்விட்த், அதாவது கருவி சரியாகக் காட்டக்கூடிய அதிர்வெண்ணின் எல்லை, 10 மெகாஹெர்ட்ஸ். முதல் கருவியை வாங்கியது ஒரேகன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. மருத்துவ ஆய்வில் அளக்க வேண்டிய நரம்புத் துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லி நொடி நீடிப்பது. எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது. தானாக ஓடும் ஸ்வீப்பால் பிடிக்க இயலாத சிக்னலுக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

511இல் செய்யப்பட்டது, ஒன்றையொன்று சார்ந்த சில முடிவுகளைச் சேர்த்து, ஆய்வகத்துக்கு வெளியே இருப்பவரும் வாங்கக்கூடிய விலையில் ஒரே பெட்டியில் தந்தது.

1. சிக்னல் குறிப்பிட்ட மட்டத்தைத் தொடும்போது ட்ரிகர் சுற்று செயல்பட்டு ஸ்வீப்பைத் தொடங்குகிறது. ஸ்வீப் முடிந்ததும் கற்றை திரும்பி வந்து, அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறது. எனவே சிக்னல் எவ்வளவு ஒழுங்கற்று வந்தாலும் படம் ஒரே இடத்தில் தொடங்குகிறது.

2. ஸ்வீப்பின் வேகத்தைச் சிக்னல் இனி மாற்றுவதில்லை. மின்தேக்கி ஒன்றில் சீரான வீதத்தில் ஏறும் மின்னூட்டமே அதைத் தீர்மானிக்கிறது. ஆகவே நேரத் திருகின்மேல் நேரடியாக மைக்ரோ நொடிகளைப் பொறித்துவிட முடிகிறது.

3. எலக்ட்ரான் கற்றை எவ்வளவு திரும்பும் என்பது, அதை முடுக்கும் மின்னழுத்தத்தையும் பொறுத்தது. சுவர் மின்சாரம் ஏறி இறங்கினால் படமும் சுருங்கி விரியும். பொறித்த எண்கள் பொய்யாகிவிடும். எனவே உள் மின்வழங்கிகள் மின்னணு முறையில் நிலைப்படுத்தப்பட்டன.

மூன்றாவது முடிவு பொதுவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் முதல் இரண்டின் மதிப்பும் அதன்மேல்தான் நிற்கிறது. வெற்றிடக் குழாய்கள் விலையுயர்ந்தவையாக இருந்த காலத்தில், படத்தில் நேரடியாகத் தெரியாத ஒரு நோக்கத்துக்காகக் கூடுதல் குழாய்களைச் செலவழிக்க ஒரு வடிவமைப்பாளர் முன்வந்தார் என்றால், அவர் காட்சியைவிட அளவையே பெரிதாகக் கருதினார் என்று பொருள். குழப்பத்துக்கான விடையின் மறுபாதி இதுவே.

முன்விளிம்பைக் காணும் சிக்கல்

ட்ரிகர் முறை தன் பங்குக்கு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. சிக்னல் வந்த பிறகுதான் ஸ்வீப் தொடங்குகிறது. தொடங்குவதற்கும் ஒரு மைக்ரோ நொடியின் சிறு பகுதி ஆகிறது. வேகமான துடிப்பானால் அதற்குள் அதன் முன்விளிம்பு கடந்து போயிருக்கும். பொறியாளர் பார்க்க விரும்புவதோ பெரும்பாலும் அந்த விளிம்பைத்தான். தீர்வு எளிமையானது: சிக்னலின் ஒரு பங்கை உடனே ட்ரிகர் சுற்றுக்கு அனுப்பிவிட்டு, மீதியைத் தாமதக் கம்பிவழியில் செலுத்திச் சற்றுப் பிந்தித் தகடுகளைச் சேரச் செய்வது. பிற்காலத்தில் வந்த 545இல் இந்தத் தாமதம் 0.2 மைக்ரோ நொடி. கருத்தளவில் எளிது என்றாலும், அலையின் வடிவைச் சிதைக்காமல் தாமதப்படுத்துவது அந்தக் கால வடிவமைப்பாளர்களைப் பெரிதும் உழைக்க வைத்தது.

பேண்ட்விட்த் ஏன் ஓயாத ஓட்டமானது

அளவுகருவி தான் அளக்கும் சுற்றைவிட வேகமாக இருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு துடிப்பு தன் உயரத்தின் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காட்டுக்கு ஏற எடுத்துக்கொள்ளும் காலம் ஏற்ற நேரம் எனப்படும். வழக்கமான பெருக்கிகளில் 0.35ஐ பேண்ட்விட்த்தால் வகுத்தால் கருவியின் ஏற்ற நேரம் கிடைக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு இது 35 நானோ நொடி. திரையில் தெரியும் ஏற்ற நேரமோ, சிக்னலின் ஏற்ற நேரத்தையும் கருவியின் ஏற்ற நேரத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வருவது.

35 நானோ நொடியில் ஏறும் துடிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதே 35 நானோ நொடிக் கருவி அதை ஏறத்தாழ 49 நானோ நொடி என்று காட்டும்; பிழை ஏறத்தாழ 41 விழுக்காடு. 12 நானோ நொடிக் கருவி 37 என்று காட்டும்; பிழை 6 விழுக்காட்டுக்குள் அடங்கும். 7 நானோ நொடிக் கருவியில் பிழை 2 விழுக்காடுதான். இந்த எண்கள் தற்செயலாகத் தேர்ந்தவை அல்ல. 12 என்பது 1950களின் நடுவில் வந்த 30 மெகாஹெர்ட்ஸ் 545இன் ஏற்ற நேரம். 7 என்பது அதற்கும் முன்பே, 1950களின் தொடக்கத்தில், அணு ஆய்வு போன்ற துறைகளுக்காக வந்த 517இன் ஏற்ற நேரம்.

காலத்தால் முந்திய 517 எப்படி அதிக வேகம் கொண்டிருந்தது என்று கேட்கலாம். வெற்றிடக் குழாயின் பெருக்கும் திறனையும் அதன் உள் மின்தேக்கத்தையும் பிரிக்க முடியாது. இரண்டு குழாய்களை இணையாகச் சேர்த்தால் திறன் இரட்டிக்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்தேக்கமும் இரட்டித்துவிடும், லாபமில்லை. பகிர்வுப் பெருக்கி எனப்படும் அமைப்பில் குழாய்களுக்கு இடையே சிறு சுருள்கள் வைக்கப்படுகின்றன. குழாய்களின் மின்தேக்கம் அச்சுருள்களோடு சேர்ந்து செயற்கைக் கம்பிவழியாகிவிடுகிறது; சிக்னல் அதன்வழியே ஓட, ஒவ்வொரு குழாயும் தன் பங்கைக் கூட்டுகிறது. இக்கருத்துக்கு 1936இலேயே பெர்சிவல் என்பவர் பிரிட்டனில் காப்புரிமை கோரியிருந்தார். 1948இல் இதை விரிவாக விளக்கி வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் நால்வரில் ஒருவர், ஹ்யூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் வில்லியம் ஹ்யூலெட். அந்த நிறுவனமே 1950களின் நடுவில் ஆசிலோஸ்கோப் விற்பனையில் டெக்ட்ரானிக்ஸுக்குப் போட்டியாக இறங்கியது என்பது இத்துறையின் வேடிக்கைகளில் ஒன்று. பகிர்வுப் பெருக்கி ஏராளமான குழாய்களை விழுங்குவது. பொதுப் பயன்பாட்டுக் கருவிக்கு அது கட்டுப்படியாகாது. அதனால்தான் 517 தனி வகையாக நின்றது.

ஒரு கருவி, பல வேலைகள்

1954இல் வந்த 530 வரிசையும், தொடர்ந்து வந்த 540 வரிசையும் வணிக அளவில் டெக்ட்ரானிக்ஸின் இடத்தை உறுதிசெய்தன. ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள 535, 545 ஆகியவற்றில் இரண்டு அம்சங்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, செங்குத்துப் பெருக்கியின் முன்பகுதி கழற்றி மாட்டக்கூடிய தனிப் பெட்டியாக இருந்தது. நுண்ணிய சிக்னலுக்கு ஒன்று, இரண்டு சிக்னல்களை ஒப்பிட ஒன்று, இரண்டின் வேறுபாட்டை மட்டும் காண ஒன்று என்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது, தாமத ஸ்வீப். முதல் ஸ்வீப் தொடங்கித் திட்டமாகக் குறித்த நேரம் கழிந்த பின் வேகமான இரண்டாவது ஸ்வீப் தொடங்கும். நீண்ட துடிப்புத் தொடரின் நடுவிலுள்ள ஒரு துடிப்பை மட்டும் விரித்துப் பார்க்க இது உதவியது. கணினியும் தொலைக்காட்சியும் வளர்ந்துவந்த காலத்தில் இந்த வசதிக்குத் தேவை பெருகியது.

எதிர்மின் கதிர்க்குழாயையும் நிறுவனம் 1950களில் தானே தயாரிக்கத் தொடங்கியது. வெளியே கிடைத்த குழாய்கள் கருவியின் துல்லியத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதோடு, போட்டியாளரான டூமான்ட்டும் குழாய் விற்பவராக இருந்தார். சொந்தக் குழாய் இருந்ததால் 1960களில் அளவுக் கட்டங்களைக் குழாயின் உட்புறத்திலேயே, ஒளிர்பொருளின் அதே தளத்தில் பதிக்க முடிந்தது. முன்பு கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய தட்டில் கட்டங்கள் இருந்தபோது, பார்க்கும் கோணம் மாறினால் அளவும் மாறியது.

உள்ளமைப்பிலும் இதே பிடிவாதம் தெரிகிறது. உதிரிபாகங்கள், வெள்ளி பூசிய பள்ளங்கள் கொண்ட பீங்கான் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டன. சாதாரண ஈயப்பற்றைப் பயன்படுத்தினால் அது வெள்ளிப் பூச்சைக் கரைத்துவிடும் என்பதால், வெள்ளி கலந்த ஈயப்பற்றுக் கம்பிச் சுருள் ஒன்று பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பப்பட்டது. பழுதுபார்ப்பவரை முன்கூட்டியே நினைத்துச் செய்த ஏற்பாடு அது. வானொலிக் கடையில் தொடங்கிய ஒருவரின் நிறுவனத்தில் இது வியப்பல்ல.

வெளிப்படையாக இருந்ததன் விலை

டெக்ட்ரானிக்ஸின் கையேடுகளில் முழுச் சுற்றுப் படங்களும் உதிரிபாகப் பட்டியலும் இருந்தன. பயனாளருக்கு இது பெரும் வசதி. நகலெடுக்க விரும்பியவர்களுக்கும் அப்படியே. அமெரிக்க அரசு ராணுவத் தேவைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரி, டெக்ட்ரானிக்ஸ் கருவிகளை ஒத்த ஆசிலோஸ்கோப்புகளைக் குறைந்த விலை சொன்ன வேறு நிறுவனங்களிடம் வாங்கியது. காப்புரிமை மீறப்பட்டதாக 1961இல் டெக்ட்ரானிக்ஸ் வழக்குத் தொடுத்தது.

இங்கு ஒரு சட்ட நுட்பம் உள்ளது. அமெரிக்கச் சட்டப்படி, அரசுக்காகச் செய்யப்படும் பொருள் ஒருவரின் காப்புரிமையை மீறினாலும், அந்த உற்பத்தியைத் தடுக்க உரிமையாளரால் தடையுத்தரவு பெற முடியாது. அரசிடம் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். எனவே வழக்கு நடந்த காலமெல்லாம் விற்பனை இழப்பைத் தடுக்க நிறுவனத்தால் இயலவில்லை. இழப்பீட்டுக் கணக்கு குறித்த தீர்ப்பு 1977இல்தான் வந்தது. அதற்குள் வழக்குக்குரிய வெற்றிடக் குழாய்க் கருவிகளின் காலம் முடிந்து, டிரான்சிஸ்டரும் ஒருங்கிணைந்த சுற்றும் அவற்றின் இடத்தைப் பிடித்திருந்தன.

வடிவமைப்பாளரிலிருந்து தலைவராக

511க்குப் பிறகு வடிவமைப்பு வேலை படிப்படியாக மற்றப் பொறியாளர்களின் கைக்குச் சென்றது. வோலம் நிறுவனத் தலைவராக நீடித்தார். லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு என்பது தொடக்க காலத்திலிருந்தே கடைப்பிடிக்கப்பட்டது. 1957இல் வந்த 575, டிரான்சிஸ்டரின் பண்பு வளைகோடுகளைத் திரையில் நேரடியாக வரையும் கருவி. வெற்றிடக் குழாயை ஒழிக்க வந்த உறுப்பை அளக்க, பெரும்பாலும் வெற்றிடக் குழாய்களால் ஆன கருவி. 1960களில் நிறுவனம் தனக்கு வேண்டிய ஒருங்கிணைந்த சுற்றுகளையும் தானே உருவாக்கத் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய பாரி கில்பர்ட் 1968இல் வெளியிட்ட பெருக்கல் சுற்றமைப்பு, பின்னர் வானொலித் தொடர்புச் சில்லுகளில் பரவலாக இடம்பெற்றது.

மர்டாக் 1971இல் கொலம்பியா ஆற்றில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். அந்த ஆண்டுகளிலேயே வோலமும் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகி, இயக்குநர் குழுத் தலைமையில் மட்டும் தொடர்ந்தார். நிறுவனத்திலிருந்து வெளியேறிய பொறியாளர்கள் ஃப்ளோட்டிங் பாயின்ட் சிஸ்டம்ஸ், மென்டார் கிராஃபிக்ஸ் போன்றவற்றைத் தொடங்கினர். போர்ட்லாண்ட் வட்டாரம் மின்னணுத் தொழில் மையமாக வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வோலம் 1986 பிப்ரவரி 5 அன்று காலமானார்.

டிஜிட்டல் கருவியில் ட்ரிகரின் நிலை

இன்றைய டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் சிக்னலை இடைவிடாமல் எண்களாக மாற்றி நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறது. எனவே ட்ரிகர் இப்போது எதையும் தொடங்கி வைப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பதிவில் எந்த இடத்தைச் சுற்றி நிறுத்த வேண்டும் என்பதை மட்டும் குறிக்கிறது. இதனால் ட்ரிகருக்கு முன்பு நடந்ததையும் திரையில் காண முடிகிறது. தாமதக் கம்பிவழிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. மாறாக, ட்ரிகரின் நிபந்தனைகள் பெருகியுள்ளன: குறிப்பிட்ட அகலத்துக்குக் குறைந்த துடிப்பு வந்தால் மட்டும், முழு உயரத்தை எட்டாத துடிப்பு வந்தால் மட்டும், தொடர் தரவில் குறிப்பிட்ட முகவரி வந்தால் மட்டும் என்று கேட்கலாம். பேண்ட்விட்த்துக்கும் ஏற்ற நேரத்துக்குமான பொதுக் கணக்கு பெரும்பாலும் அப்படியே செல்லும். ஆனால் மிக உயர்ந்த பேண்ட்விட்த் கொண்ட கருவிகளில் வடிகட்டிகள் கூர்மையாக வெட்டுவதால், 0.35க்குப் பதில் 0.4 முதல் 0.45 வரையிலான எண்ணைக் கொள்வது வழக்கம்.